அளவு சரி, ஒயில் சரியா?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தங்கச்சி, நீங்க டொக்டர்தானே, பெண்களின் ஆரோக்கியம் பற்றிக் கொஞ்சம் பேசுங்க" என்று கேட்டார். நானும் சரி என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சீனி வருத்தம், பிரஷர், மார்புப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டீர்கள். கிளினிக்கில் என் முன்னால் அமர்ந்து தலையாட்டிவிட்டுப் போகிறவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். ஆகவே செயலாளர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்று நான் காரின் பிரேக் ஒயில் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். காலையில் நான் வந்தபோது மைதானத்தின் ஓரமாக நின்ற வாகனங்களைப் பார்த்தேன். நாங்கள் படித்த காலத்தில் பாடசாலை வளவுக்குள் ஒரு கார் வந்தால், கல்வித் திணைக்களத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று வகுப்பே அமைதியாகிவிடும். இன்று அங்கே நிற்கும் கார்களில் பலவற்றை நம்மவர்களே ஓட்டி வந்திருக்கிறோம். கண்டியிலிருந்து பலகடுவ ஏறி இறங்கி வந்தவர்கள் இருக்கிறீர்கள். எல்கடுவப் பக்கத்திலிருந்தும் றத்தோட்டைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். இன்று மாலை அந்த மலைப் பாதைகளில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் திரும்பிப் போகப் போகிறவர்களும் நீங்கள்தான். அதனால்தான் இந்த விடயத்தைத் தெரிந்தெடுத்தேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு சிறிய ஜப்பான் கார். 2014 இல் வாங்கினேன். நான்கைந்து வருடம் ஓட்டிவிட்டு மாற்றலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கார் மாற்றுவது என்ற பேச்சே நம்மில் பலருடைய வீட்டில் எழவில்லை. 2022 இல் பெற்றோல் வரிசை வந்தது. கார் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றது. தனியார் வாகனங்களுக்கு இறக்குமதி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த இடைக்காலத்தில் நாம் எல்லோரும் பழைய வாகனங்களைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்தோம். நானும் அப்படித்தான். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில் மாற்றுவேன். டயர், பற்றரி எதிலும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒரு தாள் தருவார்கள். அதில் இருபது முப்பது வரிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரி அடையாளம் இருக்கும். பிரேக் ஒயிலுக்கு எதிரேயும் சரி. ஒன்பது வருடமும் சரி.

2023 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அம்மாவையும் என் மகளையும் ஏற்றிக்கொண்டு றிவஸ்டன் போனேன். உங்களுக்குத் தெரிந்த பாதைதான். மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, பனிமூட்டத்துக்குள் நுழைந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளைக் கடந்து இலுக்கும்புர பக்கம் இறங்குகிறது. நாங்கள் உச்சிவரை போய், காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துவிட்டு, பின்னேரம் திரும்பினோம். மழை தூறியது. எனக்கு முன்னால் ஒரு லொறி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்த இடமில்லை. கியரை டி இல் வைத்தபடியே, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் அதன் பின்னாலேயே வந்தேன். ஒரு கருகல் வாடை வந்தது. லொறியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தியபோது கால் சற்றுக் கூடுதலாக உள்ளே போனது. அடுத்த வளைவில் அது பஞ்சை மிதிப்பது போல, எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போய்விட்டது. கார் நிற்கவில்லை.

ஒரு கணம் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு காலை எடுத்து மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அழுத்தினேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கொஞ்சம் பிடித்தது. கியரை எல் இற்கு இழுத்தேன். கைப்பிரேக்கை மெல்ல மெல்ல உயர்த்தினேன். காரை மலைப் பக்கமாகத் திருப்பி, கானுக்குள் ஒரு சக்கரம் இறங்கி மண்திட்டில் உரசியபடி நிறுத்தினேன். மறுபக்கம் என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் மகள் இங்க நிப்பாட்டின?" என்று கேட்டார். "டயரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என் முழங்கால்கள் நடுங்கின. விபத்துப் பிரிவில் எத்தனையோ இரவுகள் நடுங்காத கைகள் அன்று நடுங்கின.

இனிதான் முக்கியமான பகுதி. அரை மணித்தியாலம் நின்றோம். மழையில் சக்கரங்கள் ஆறின. பிறகு பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி உறுதியாக இருந்தது! எந்தக் குறையும் இல்லை. அந்த நேரத்தில் ஒருவரிடம் காட்டியிருந்தால், "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பியிருப்பார். நடக்க முடியாமல் வந்த நோயாளி, டொக்டரைக் கண்டதும் எழுந்து நடப்பதைப் போன்றது அது.

தாழ்ந்த கியரில் மிக மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த நாள் எங்கள் தெருவிலுள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். எல்லோரையும் போல நானும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கதையைக் கேட்டார். எதுவும் சொல்லாமல் எஞ்சின் அறையைத் திறந்து, பிரேக் ஒயில் போத்தலின் மூடியைக் கழற்றி, ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து என் கண் முன்னால் பிடித்தார்.

"டொக்டர், இதப் பாத்தீங்களா? கோப்பி மாதிரி இருக்கு. கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"ஒவ்வொரு சேர்விஸுக்கும் சரின்னு போட்டிருக்காங்களே, பாஸ்."

"அளவு சரின்னு போட்டிருக்காங்க. ஒயில் சரின்னு போடல்ல."

அந்தப் பதில் என்னைக் குத்தியது. ஏனென்றால் தாள் பொய் சொல்லவில்லை. போத்தலில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே திரவம் இருந்தது. அதைத்தான் பார்த்தார்கள், அதைத்தான் எழுதினார்கள். உடம்பில் இரத்தத்தின் அளவு சரியாக இருக்கிறது என்பதால் அந்த இரத்தத்தில் சீனி கூடவில்லை என்று நான் எந்த நோயாளிக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன். என் காருக்கு அப்படி எழுதிக் கொடுத்ததை ஒன்பது வருடம் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது இந்தத் திரவம் என்ன, அது ஏன் கெடுகிறது என்று பார்ப்போம்.

நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது உங்கள் காலின் விசை ஒரு சிறிய சிலிண்டரில் உள்ள திரவத்தை அமுக்குகிறது. அந்த அமுக்கம் மெல்லிய குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போய், அங்கே பிரேக் பட்டைகளைத் தட்டோடு சேர்த்து இறுக்குகிறது. திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது, அமுக்கத்தை அப்படியே கடத்தும் என்பதுதான் இதன் அடிப்படை. பஸ்காலின் தத்துவம் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தோம். இதைக் காரின் பிரேக்கில் பயன்படுத்தியவர்களில் முன்னோடி மல்கம் லொக்ஹீட் என்ற அமெரிக்கர். 1921 இல் டியூசன்பேர்க் என்ற அமெரிக்கக் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக்கோடு வந்தது. 1924 இல் கிரைஸ்லர் என்ற நடுத்தர விலைக் காரிலும் அது வந்தது. நூறு வயதாகும் நமது பாடசாலைக்கும் இந்தப் பிரேக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். அன்று முதல் தத்துவம் மாறவில்லை.

ஒயில் என்று நாம் சொன்னாலும் இது எண்ணெய் அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கோல் வகையைச் சேர்ந்த இரசாயனத் திரவம். அதற்கு நீரை ஈர்க்கும் குணம் உண்டு. மாரி மழையில், மூடி இறுக்கியிருந்தும் குசினியில் உப்புப் போத்தல் நீர்விட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அதே மாதிரித்தான். போத்தலின் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் வழியாகவும், சக்கரங்களுக்குப் போகும் இறப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. கார் ஓடினாலும் போகிறது, நின்றாலும் போகிறது. 2022 இல் என் கார் வாசலில் நின்ற வாரங்களில் கிலோமீற்றர் ஓடவில்லை, நாட்காட்டி ஓடியது. அந்தத் திரவம் நாட்காட்டியின்படிதான் முதுமை அடைகிறது.

நீர் கலந்தால் என்ன? கொதிநிலை இறங்குகிறது. பிரேக் ஒயில் தகரங்களில் டொட் 3, டொட் 4 என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் வகுத்த தரம் அது. அந்தத் தரத்தின்படி, புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. அதில் 3.7 வீதம் நீர் சேர்ந்த பிறகு 140 பாகை வரை தாங்கினாலே போதும். டொட் 4 என்றால் புதிதாக 230 பாகை, அதே அளவு நீர் சேர்ந்த பிறகு 155 பாகை. நூறு கரண்டித் திரவத்தில் நாலு கரண்டிக்கும் குறைவான நீர் சேர்ந்ததும் 65 முதல் 75 பாகை வரை பறிபோகிறது.

மலை இறக்கத்தில் வெப்பம் எவ்வளவு எழும் என்று ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஆட்களோடு 1,300 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று 100 மீற்றர் உயரம் இறங்குகிறது. முழுக்க முழுக்கப் பிரேக்கால் மட்டும் அதைத் தடுத்தால், அதில் எழும் வெப்பம் 4 லீற்றர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அது வெறும் 100 மீற்றருக்கு. றிவஸ்டனிலிருந்து றத்தோட்டைக்கு இறங்கும்போது அதைப் பல மடங்காக்கிப் பாருங்கள். அந்தச் சூட்டில் சக்கரத்துக்குப் பக்கத்திலுள்ள திரவம் கொதித்தால், அதிலிருந்து ஆவிக் குமிழிகள் எழும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் விசை எல்லாம் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. ஆறியதும் ஆவி மறுபடியும் திரவமாகிவிடும், பிரேக் மறுபடியும் கல் மாதிரி ஆகிவிடும். அன்று எனக்கு நடந்தது இதுதான்.

இதில் உள்ள ஆபத்து அதன் மௌனம். பட்டை தேய்ந்தால் கீச்சிடும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கெட்ட பிரேக் ஒயிலோ மாத்தளைப் பட்டணத்துக்குள் வருடக்கணக்கில் நன்றாகவே வேலை செய்யும். சந்தைக்குப் போகும்போது, பாடசாலையில் பிள்ளையை இறக்கும்போது ஒரு அறிகுறியும் இராது. அது தன்னைக் காட்டுவது நீண்ட இறக்கத்தில், வாகனம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, நமக்குப் பிரேக் மிக மிகத் தேவைப்படும் நேரத்தில்தான். பிரஷருக்கு மருந்து எடுக்காமல் "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர், நல்லாத்தான் இருக்கிறேன்" என்று சொல்கிறவர்களை நான் வாரம் மூன்று நாள் கண்டிக்கிறேன். நானும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறேன்.

வெளியே இருந்து யாராவது இதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்றும் காத்திருக்க முடியாது. வருடாவருடம் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் தோழிகள், "எங்களுக்கு வருடாந்தப் பரிசோதனை இருக்கிறதே" என்று நினைக்கலாம். மூன்று வருடம் கடந்த கார்களுக்கு அங்கே அது கட்டாயம், பிரேக் பிடிக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஆனால் திரவத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளப்பது அந்தப் பரிசோதனையில் சேராது. ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும் கேட்க வேண்டியவர் வாகனத்தின் சொந்தக்காரிதான்.

என்ன கேட்பது? காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், சிலர் மூன்று வருடம் என்கிறார்கள். நமது ஈரப்பதனுக்கும் மலைக்கும் நான் இரண்டையே பிடித்துக்கொள்கிறேன். கராஜில், "பிரேக் ஒயில் சரியா?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக மாற்றிய திகதி என்ன? நீர் எத்தனை வீதம்?" என்று கேளுங்கள். பேனை மாதிரி ஒரு சிறு கருவி இருக்கிறது. திரவத்தில் நனைத்தால் விளக்கு எரிந்து, நீர் எவ்வளவு என்று மதிப்பாகக் காட்டும். திரவத்தைக் கொதிக்கவைத்துப் பார்க்கும் கருவி இன்னும் நம்பகமானது. இரண்டும் இல்லாவிட்டால் திகதியை நம்புங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புதியது இளந்தேன் நிறத்தில் இருக்கும், பழையது கறுக்கும் என்பது உண்மை. ஆனால் தெளிவாகத் தெரியும் திரவத்திலும் நீர் இருக்கலாம்.

போத்தலில் அளவு குறைந்தால் மேலால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். பட்டை தேயத் தேய அளவு மெல்ல இறங்கும். திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. இரண்டும் பார்க்க வேண்டியவை. மேலால் ஊற்றுவது மாற்றுவதும் ஆகாது, ஏனென்றால் கெட்டது சக்கரத்தருகே இருக்கிறது. கையேட்டில் சொல்லப்பட்ட தரத்தை மட்டும், உங்கள் கண் முன்னே உடைக்கும் புதிய தகரத்திலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். பாதி பாவித்துத் திறந்து வைத்த தகரம் அலுமாரியில் இருந்தபடியே ஈரம் குடித்திருக்கும். டொட் 5 என்பது சிலிக்கோன் வகை, வேறு சாதி. அதை இவற்றோடு கலக்கக்கூடாது. எஞ்சின் ஒயிலையோ வேறு எண்ணெயையோ தவறியும் ஊற்றக்கூடாது. உள்ளே இருக்கும் இறப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மாற்றும் வேலையை நானும் கிட்ட இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்ன, வேலையே செய்தேன். பாஸின் உதவியாள் பையன் அன்று விடுமுறை. "டொக்டர், சீட்ல ஏறுங்க" என்றார். போத்தலிலிருந்த பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினார். பிறகு தூரத்திலுள்ள பின் சக்கரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டார். அங்கே ஒரு சிறு திருகாணி இருக்கிறது. அதில் தெளிவான குழாய் ஒன்றைப் பொருத்தி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டார். "அமத்துங்க... அமத்திப் பிடிங்க... விடாதீங்க!" என்றார். அவர் திருகாணியைத் தளர்த்தக் கால் கீழே போனது, குழாயில் கறுப்பாக ஒழுகியது. திருகாணியை இறுக்கிவிட்டு, "இப்ப விடுங்க" என்றார். பிரசவ அறையில் இத்தனை வருடம் நான் மற்றப் பெண்களுக்குப் போட்ட கட்டளையை அன்று எனக்கு ஒருவர் போட்டார். சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க டொக்டர், கால் எடுபட்டா காத்து உள்ள போயிரும்" என்று அதட்டினார்.

ஒவ்வொரு சக்கரமாக, கறுப்புப் போய்த் தேன் நிறம் வரும்வரை செய்தோம். இடையில் போத்தல் வற்றாமல் பார்த்துப் பார்த்து நிரப்பினார். ஒரு லீற்றர் தகரம் போதுமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்ற ஒழுங்கு காருக்குக் கார் மாறும். ஏபிஎஸ் உள்ள சில கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் கணினிக் கருவி இணைத்துத்தான் செய்ய வேண்டும். ஆகவே யூடியூப் பார்த்து வீட்டு முற்றத்தில் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள்.

டொக்டர் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்தத் திரவம் நஞ்சு. மீதியைத் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் பானம் என்று குடித்துவிடுவார்கள். சிறுநீரகம்வரை பாதிக்கலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்காமல், தகரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். காரின் நிறப்பூச்சில் பட்டாலும் அதைத் தின்றுவிடும். உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

நல்ல ஒயில் இருந்தாலும் இறக்கத்தில் ஓட்டும் முறை ஒன்று இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். தாழ்ந்த கியரில் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டோமற்றிக் கார் என்றால் எல், பி போன்ற நிலைகள் அதற்காகத்தான் இருக்கின்றன. ஹைபிரிட் வைத்திருக்கும் தங்கைகள் கவனியுங்கள். இறங்கும்போது கார் தன் பற்றரியை நிரப்பிக்கொண்டு வேகத்தைத் தடுக்கும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அந்தத் தடுப்புக் குறைந்து, சுமை முழுவதும் சாதாரணப் பிரேக்குக்கு வந்துவிடும். ஆகவே தொடக்கத்திலேயே பி இற்கு மாற்றுங்கள். பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், தேவையான இடத்தில் உறுதியாக அழுத்தி விடுவியுங்கள். கருகல் வாடை வந்தால், அது உங்கள் கார்தான் என்று எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். கால் உள்ளே போய்விட்டால் விரைவாகப் பலமுறை மிதியுங்கள், கியரைத் தாழ்த்துங்கள், கைப்பிரேக்கை மெல்ல உயர்த்துங்கள். பெரும்பாலான பழைய கார்களில் கைப்பிரேக் கம்பியால் இயங்குவது, திரவத்தை நம்பியிராதது. எஞ்சினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

முடிக்கும் முன் ஒன்று. வீடு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத மாத்த எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டார். தொகையைச் சொன்னேன். அன்று றிவஸ்டனில் நான் உடுத்தியிருந்த சேலையின் விலையில் பாதிகூட வராது. அம்மா என் மகளைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது வேறு விடயம். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஆய்வுகூடத்தில், சாதாரண தர வகுப்பில், எங்கள் விஞ்ஞான ஆசிரியை இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து, சிவப்பு மை கலந்த நீரை நிரப்பினார். ஒன்றை அமுக்க மற்றது எழுந்தது. நாங்கள் கை தட்டினோம். பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, என்னைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். நான் அமுக்கினேன். மற்றது அசையவில்லை. "ஏன்?" என்று கேட்டார். "காற்றுச் சுருங்குது டீச்சர்" என்று சரியான விடை சொன்னேன். பரீட்சையிலும் எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. அந்தச் சிரிஞ்சு என் காலடியிலேயே ஒன்பது வருடம் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. கார் என்றால் அது அப்பாவின் விடயம், அண்ணாவின் விடயம், கணவரின் விடயம், கராஜின் விடயம் என்று எங்கோ ஒதுக்கி வைத்திருந்தேன். ஓட்டப் பழகினேன், கேட்கப் பழகவில்லை.

அந்த ஆசிரியை இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். டீச்சர், அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் முழு விடை தெரிந்தது.

தோழிகளே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் சேர்விஸ் தாள்களை எடுத்துப் பாருங்கள். பிரேக் ஒயில் மாற்றிய திகதி எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சந்தோசம். இல்லாவிட்டால், மலை ஏறும் முன் கராஜுக்குப் போங்கள். என் கார்ப் போத்தலின் மூடியில் பாஸ் ஒரு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி வைத்திருக்கிறார். வைத்தியசாலைப் பிளாஸ்டர்தான், நான் கொடுத்தது. அது நன்றாக ஒட்டும்.

எல்லோரும் பத்திரமாக இறங்கிப் போய்ச் சேருங்கள்.